நூற்றில் ஐந்து பங்கு வெளிச்சம்

இருபது, இருபத்தைந்து வருடம் வெயிலில் நின்ற ஒரு மோட்டார்ஹோமின் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தால் கையெல்லாம் வெள்ளைத் தூள். அதே சுவரில் ஒரு குவளைத் தண்ணீரை வீசினால், தண்ணீர் வழிந்த தடம் மட்டும் சட்டென்று பளபளக்கிறது. நிறம் ஆழமாகிறது, எதிரே நிற்கும் மரத்தின் உருவம்கூட அதில் தெரிகிறது. ஐந்து நிமிடத்தில் தண்ணீர் காய்ந்ததும் பழையபடி மங்கல். தூளைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போய்விடவில்லை. தன்னுடையது எதையும் அங்கே விட்டுச் செல்லவும் இல்லை. அந்த ஐந்து நிமிடப் பளபளப்பு எங்கிருந்து வந்தது, எங்கே போனது? இந்தக் கேள்விக்குள் வேதியியலும் ஒளியியலும் நியூட்டன் காலத்து விவாதம் ஒன்றும் ஒளிந்திருக்கின்றன. பழைய ஃபைபர்கிளாஸை மறுபடி மினுக்க நினைப்பவர் என்ன செய்யவேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பதும் அதே கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது.

சமையலறை, படுக்கை, கழிவறை எல்லாவற்றையும் ஒரே உடலுக்குள் அடக்கிச் சாலையில் ஓட்டிச் செல்லும் வீடுதான் மோட்டார்ஹோம். அமெரிக்காவில் இது ஒரு பெரிய தொழில். இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரம் இதற்குப் பேர்போனது. அயோவாவின் ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ நிறுவனம் 1966இலிருந்து மோட்டார்ஹோம் செய்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வடக்கத்திக்காரர்கள் பனிக்காலம் தொடங்கியதும் இவற்றில் ஏறித் தெற்கே வருகிறார்கள். அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்சைட் என்ற சிற்றூரைச் சுற்றிக் குளிர்கால மாதங்களில் கண்ணுக்கெட்டும் தூரம்வரை இந்த வண்டிகள்தான். அதற்குத் தெற்கே இருக்கும் யூமா, ஆண்டுக்கு 4000 மணி நேரத்துக்கு மேல் வெயில் அடிக்கும் ஊர். உலகில் இந்தக் கணக்கில் அதை மிஞ்சிய ஊரைக் காண்பது அரிது. ஆகாயத்தைப் பார்க்கவென்று கொண்டுவந்து நிறுத்திய வண்டியை அந்த ஆகாயமே அரிக்கிறது. பூச்சு, பிளாஸ்டிக் செய்பவர்கள் தங்கள் பொருளின் ஆயுளைச் சோதிக்க அதை அரிசோனாவின் வெயிலிலும் ஃபுளோரிடாவின் ஈர வெயிலிலும் வருடக்கணக்கில் வைத்துப் பார்ப்பது நெடுநாள் வழக்கம்.

ஃபைபர்கிளாஸ் என்ற பொருளே இருபதாம் நூற்றாண்டுப் பிள்ளை. 1932இல் ஒஹையோவில் ஓவன்ஸ்-இல்லினாய் கண்ணாடி நிறுவனத்தில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் இரண்டு கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்க முயன்றுகொண்டிருந்தார். உருகிய கண்ணாடியின் மீது அழுத்தக் காற்று பாய்ந்தபோது அது மெல்லிய இழைகளாகப் பறந்தது. அந்த இழையைத் தொழிற்சாலைச் சரக்காக்கியவர் அங்கேயே பணியாற்றிய கேம்ஸ் ஸ்லேட்டர். 1938இல் ஓவன்ஸ்-கார்னிங் நிறுவனம் உருவானது. இன்னொரு பக்கம் வேதியியலாளர்கள் பாலியஸ்டர் ரெசினைப் பக்குவப்படுத்திக்கொண்டிருந்தார்கள். இழையும் ரெசினும் சேர்ந்தபோது படகு, கார், வண்டிக் கூடு எல்லாம் அச்சில் வார்க்கலாம் என்றானது. 1953இல் செவ்ரலே நிறுவனம் ஃபைபர்கிளாஸ் உடலோடு 300 கார்வெட் கார்களைச் செய்தது. மோட்டார்ஹோம்களில் அலுமினியத் தகட்டின் இடத்தை ஃபைபர்கிளாஸ் பெருமளவில் பிடித்தது எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும். இன்று தூள் உதிர்ந்து நிற்பவை பெரும்பாலும் அந்தத் தலைமுறை வண்டிகள்.

அவை செய்யப்படும் முறையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். சாதாரணமாக ஒரு பொருளைச் செய்து முடித்துக் கடைசியில் வண்ணம் அடிப்போம். இங்கே வண்ணம்தான் முதலில். கண்ணாடியாக மெருகேற்றிய ஓர் அச்சு. வார்ப்பது அதில் ஒட்டிக்கொள்ளாதபடி உள்பக்கம் மெழுகு. அதன்மேல் நிறமி கலந்த பாலியஸ்டர் ரெசினை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனுக்குப் பீய்ச்சுகிறார்கள். இதுதான் ஜெல்கோட். அது பாதி இறுகியதும் அதன் முதுகில் கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசின் ஊற்றி, உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, அடுக்கடுக்காகத் தடிமன் சேர்க்கிறார்கள். எல்லாம் இறுகியபின் அச்சிலிருந்து பெயர்த்தெடுத்தால் ஜெல்கோட் வெளிப்பக்கமாக, பளபளவென்று வந்து நிற்கும். மோட்டார்ஹோமின் வளைந்த முகப்பும் பின்பக்கமும் இப்படி வார்த்தவை. தட்டையான பக்கச் சுவர்கள் நீளச் சுருளாகத் தொழிற்சாலையில் தயாரான தகடுகள். அவற்றில் ஜெல்கோட் இன்னும் மெல்லியது.

ஆக, புது வண்டியின் பளபளப்பை யாரும் தேய்த்துக் கொண்டுவரவில்லை. அது அச்சின் பளபளப்பு. அச்சு எவ்வளவு வழுவழுப்போ அவ்வளவு வழுவழுப்பு. அந்தச் சுவர் தன் ஆயுளில் முதல்முறையாக மெருகு காண்பது இருபது வருடம் கழித்து யாரோ ஒருவர் ஏணி போட்டு ஏறும்போதுதான். இதை நினைத்தால் எனக்கு அந்த வேலையின்மேல் ஒரு மரியாதை வருகிறது. தொழிற்சாலை செய்ததைத் திரும்பச் செய்கிற வேலை இல்லை அது. தொழிற்சாலை செய்யாத ஒன்றைக் கையால் செய்வது.

அந்த இருபது வருடத்தில் வெயில் என்ன செய்தது? ஒளித்துகள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட அளவு ஆற்றலைச் சுமந்து வருகிறது. பச்சை ஒளியின் ஆற்றலை வேதியியலாளர்கள் வழக்கமாகக் கொள்ளும் மோல் கணக்கில் சொன்னால் சுமார் 217 கிலோஜூல். ரெசினின் முதுகெலும்பாக இருக்கும் கார்பன்-கார்பன் பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 350 தேவை. பச்சை ஒளியால் முடியாது. 300 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் 400 கொண்டுவருகிறது. இதைவிடச் சற்றே குறைந்த அலைநீளங்களை ஓசோன் படலம் மேலேயே தடுத்துவிடுகிறது. தப்பி வரும் மீதியே போதுமானதாக இருக்கிறது. ரெசினில் இருக்கும் வளையக் கட்டமைப்புகள் புற ஊதாவை உறிஞ்சிக்கொள்ள, எங்கோ ஒரு பிணைப்பு அறுகிறது. அறுந்த முனையில் ஜோடியில்லாத ஓர் எலக்ட்ரான். அது சும்மா இருக்காது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. இப்போது அந்தச் சங்கிலிக்கு ஜோடி போய்விட்டது. பிடுங்கியதால் உண்டான பெராக்சைடையும் வெயில் பிளக்க, மேலும் இரண்டு கலகக்காரர்கள். ஓர் ஒளித்துகள் தொடங்கிவைத்த சேதம் இப்படிப் பல பிணைப்புகளுக்குப் பரவுகிறது. இரவுப் பனி உடைந்த துண்டுகளை ஊறவைத்து இளக்குகிறது, மழை கழுவிக்கொண்டு போகிறது. புதிய தளம் வெயிலுக்கு முகம் காட்டுகிறது.

இதில் வெள்ளை நிறமியின் பங்கு விசித்திரமானது. ஜெல்கோட்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டைஆக்சைடு. ஒவ்வொரு துணுக்கும் ஒரு மில்லிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்கு அளவு. வெளிச்சத்தைச் சிதறடிக்க மிகப் பொருத்தமான அளவு அதுதான். புற ஊதாவையும் அது உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் கீழே இருக்கும் ரெசினுக்கு அது குடை. ஆனால் உறிஞ்சிய ஆற்றலை அது பத்திரமாகக் கரைத்துவிடுவதில்லை. 1972இல் அகிரா ஃபுஜிஷிமா, கெனிச்சி ஹோண்டா என்ற ஜப்பானிய அறிவியலாளர்கள் இருவர், வெளிச்சம் பட்ட டைட்டானியம் டைஆக்சைடு தண்ணீரையே பிளக்க வல்லது என்று காட்டினார்கள். அதே வீரியம் ஜெல்கோட்டுக்குள்ளும் வேலை செய்கிறது. ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தால் துணுக்கு தன்னைப் பிடித்துவைத்திருக்கும் ரெசினையே தின்கிறது. நிறமி செய்பவர்களுக்கு இது தெரியும்; ரூட்டைல் என்ற அடக்கமான படிக வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு துணுக்குக்கும் சிலிக்கா, அலுமினா கொண்டு மெல்லிய உறை போடுகிறார்கள். அப்படியும் முழுதாக அடங்குவதில்லை. பிடிப்பு போன துணுக்குகள் மேலே வந்து உதிரியாக நிற்கின்றன. உள்ளங்கையில் ஒட்டிய வெள்ளைத் தூள் இவைதான்.

வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கியவர்களுக்கு ஆக்சிஜனேற்றம் பழக்கமான சங்கதி. பித்தளைமேல் படிந்த ஆக்சைடைப் புளியின் அமிலம் கரைத்துவிடும். அடியில் உலோகம் அப்படியே இருக்கும். ஃபைபர்கிளாஸில் அந்த வழி இல்லை. இங்கே பொருளுக்கு மேல் இன்னொரு பொருள் படியவில்லை. பொருளே உள்ளுக்குள் உடைந்து குழிவிழுந்திருக்கிறது. குழியை எந்த அமிலத்தாலும் கரைக்க முடியாது. சந்தையில் கிடைக்கும் ‘ஆக்சிடேஷன் ரிமூவர்’ திரவங்களில் உதிரித் தூளைக் கழுவி எடுப்பவை உண்டு, நுண்ணிய அரைப்பொடி கலந்தவையும் உண்டு. பொடி இருந்தால்தான் தளம் மாறும்.

சேதம் ஆழமாகப் போகாதது ஒரு கொடுப்பினை. புற ஊதாவை நிறமி மேலேயே வாங்கிக்கொள்கிறது; ஆக்சிஜனும் இறுகிய ரெசினுக்குள் வெகுதூரம் ஊடுருவ முடியாது. அதனால் கெட்டுப்போனது பொதுவாக மேல்தோலில் சில பத்து மைக்ரான் மட்டும். (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான், தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரானை ஒட்டி.) வார்த்த பாகங்களில் அடியில் நானூறு மைக்ரானுக்கு மேல் நல்ல ஜெல்கோட் காத்திருக்கிறது. கார்களின் மேல் இருக்கும் தெளிபூச்சோ மொத்தமே நாற்பது, ஐம்பது மைக்ரான்தான். ஃபைபர்கிளாஸை மீட்க முடிவதும், அதே அளவு வெயிலில் உரிந்த கார்ப் பூச்சை மீட்க முடியாததும் இந்தக் கணக்கால்தான்.

இனி பளபளப்பு என்றால் என்ன என்று பார்ப்போம். ரெசினின் ஒளிவிலகல் எண் சுமார் 1.55. காற்றிலிருந்து நேராக வந்து விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 4.7 சதவீதம் மட்டும் மேல்தளத்திலேயே எதிரொளிக்கிறது. மீதி 95 பங்கு உள்ளே நுழைந்து, நிறமித் துணுக்குகளில் மோதி, திசை கெட்டு, நாலா பக்கமும் வெளியே வருகிறது. அது வெண்மை. பளபளப்பு என்று நாம் கொண்டாடுவது அந்த முதல் ஐந்து பங்கைத்தான். தளம் சமமாக இருந்தால் அந்த ஐந்து பங்கும் ஒழுங்காக ஒரே திசையில் திரும்பி மேகத்தையும் மரத்தையும் காட்டுகிறது. குழிவிழுந்தால் அதே ஐந்து பங்கு கலைந்து எல்லாத் திசையிலும் தெறிக்கிறது. வெளிச்சத்தின் அளவு குறையவில்லை, ஒழுங்கு போய்விட்டது. கரும்பச்சை, கருநீலக் கோடுகள் போட்ட வண்டிகளில் இது இன்னும் கொடுமையாகத் தெரியும். கருமையிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் ஏற்கெனவே சொற்பம். அதோடு இந்தக் கலைந்த ஐந்து பங்கு சேர்ந்துவிட்டால் வெளுத்துச் சாம்பல் பூத்துவிடும்.

எவ்வளவு சமமாக இருந்தால் போதும்? இயற்பியலாளர் ரேலி பிரபு வகுத்த அளவுகோலின்படி, நேராகப் பார்க்கும்போது மேடுபள்ளம் ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பச்சை ஒளிக்கு அது சுமார் 70 நானோமீட்டர். சாய்வாகப் பார்த்தால் கட்டுப்பாடு தளர்கிறது: அறுபது பாகைச் சாய்வில் இருமடங்கு மேடுபள்ளத்தை மன்னிக்கும், எண்பது பாகையில் ஏறத்தாழ ஆறு மடங்கு. அதனால்தான் முற்றிலும் மங்கிப்போன வண்டியில்கூடச் சுவரோடு கன்னத்தை ஒட்டி நீளவாக்கில் பார்த்தால் ஒரு மினுக்கம் தெரியும். பழைய வண்டியை விற்பவர் சாய்கோணத்தில் எடுத்த படத்தைக் காட்டினால் வாங்குபவர் நேர் எதிரே நின்று பார்த்துவிடுவது நல்லது.

தண்ணீர் செய்த ஐந்து நிமிட மாயம் இப்போது அவிழ்கிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. அது குழிகளை நிரப்பியதும், ரெசினின் கரடுமுரடுக்கு எதிரே காற்று இருந்த இடத்தில் தண்ணீர் இருக்கிறது. இரண்டுக்கும் எண்ணில் வேறுபாடு குறைவு என்பதால் அந்தக் கரடுமுரடான எல்லையில் எதிரொளிப்பது வெறும் 0.6 சதவீதம், எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. தண்ணீரின் மேல்முகமோ பரப்பு இழுவிசையால் தானாகவே சமமாகி, தன் பங்குக்கு இரண்டு சதவீத வெளிச்சத்தை ஒழுங்காகத் திருப்பி அனுப்புகிறது. குழிகள் அங்கேயே இருக்கின்றன. அவற்றை ஒளியின் கண்ணிலிருந்து மறைத்தாயிற்று, அவ்வளவுதான்.

மெழுகும் எண்ணெயும் இதையேதான் செய்கின்றன. அவற்றின் ஒளிவிலகல் எண் ரெசினுக்கு இன்னும் நெருக்கம். தண்ணீரைவிட நீண்ட நாள் நிற்கும். மங்கிய வண்டிக்கு நேராக மெழுகு பூசிவிட்டு ‘புதுசு ஆயிடுச்சு’ என்று மகிழ்பவர்கள் சில வாரத்தில் ஏமாறுவது இதனால்தான். அமெரிக்க மோட்டார்ஹோம்காரர்களிடையே இன்னொரு வழியும் பரவலாக இருக்கிறது: கடைகளிலும் பள்ளிகளிலும் வினைல் தரைக்குப் போடும் அக்ரிலிக் பாலிஷை நாலைந்து மெல்லிய கோட்டுகளாகச் சுவரில் தடவிவிடுவது. தண்ணீராகப் பூசினால் குழிகளை நிரப்பித் தானே சமமாகி இறுகிவிடும். கேவலமான குறுக்குவழி என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. ஒளியியல் அதைக் குறைசொல்ல இடம் தரவில்லை என்பது என் கருத்து. அடித்தளத் தூளை முற்றிலும் கழுவி எடுத்துவிட்டு, மழைக்கறையையும் பூஞ்சையையும் போக்கிவிட்டுப் பூசினால் ஓரிரு வருடம் அழகாக நிற்கும். அரைத்து அரைத்து ஜெல்கோட் மெலிந்துவிட்ட வண்டிக்கு அதுதான் சரியான மருந்தும்கூட. தூளின்மேல் பூசினால் தூளோடு உரியும். பழையதை அம்மோனியா கலந்த நீக்கியால் எடுக்காமல் புதியதை அதன்மேல் போட்டுக்கொண்டே போனால் மஞ்சளித்துத் திட்டுத் திட்டாகும். நல்ல ஜெல்கோட் இன்னும் தடிமனாக மிச்சமிருக்கும்போது இந்த வழிக்குப் போவதைத்தான் நான் ஏற்கமாட்டேன். கையில் நல்ல தளம் இருக்கிறது, அதை மூடிவைப்பானேன்?

அந்த நல்ல தளத்தைத் தொடும் வேலை இப்படி நடக்கிறது. முதலில் கழுவல். கூரையிலிருந்து வழிந்த கறுப்புக் கோடுகளையும் பூஞ்சையையும் அப்படியே விட்டுத் தேய்த்தால் அவை தளத்துக்குள் தேய்ந்துவிடும். பிறகு கண்ணில் படாத ஒரு மூலையில் ஓர் அடிச் சதுரம் மட்டும் சோதனை. மென்மையான பாலிஷ் போதுமென்றால் அதோடு நிறுத்தவேண்டும். போதவில்லையென்றால் ரப்பிங் காம்பவுண்ட். அதுவும் போதாத அளவு கெட்டிருந்தால்தான் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பர்: 800 அல்லது 1000இல் தொடங்கி 1500, 2000 என்று ஏறுவது. 1000ஆம் எண் தாளில் மணலின் அளவு சுமார் 18 மைக்ரான், 2000இல் 10. ஒவ்வொரு தாளுக்கும் ஒரே கடமைதான், முந்தைய தாள் போட்ட கீறல்களை அழித்துத் தன்னுடைய சின்னக் கீறல்களை வைப்பது. தேய்க்கும் திசையைக் குறுக்கே மாற்றிக்கொண்டால் முந்தையவை அழிந்தனவா என்று கண்ணுக்குத் தெரியும். அவசரப்பட்டு ஒரு தாளைத் தாண்டினால், கடைசியில் வெயில் சாய்வாக விழும்போது அந்தக் கீறல்கள் எழுந்து வந்து நிற்கும்.

தாள் வேலை முடிந்த சுவர் முன்னைவிட மங்கலாக இருக்கும். புதியவர்கள் பயந்துபோவது இந்தக் கட்டத்தில். 70 நானோமீட்டர் எங்கே, இந்தக் கீறல் எங்கே? மிச்சத் தூரத்தைப் பஃபிங் மெஷின் கடக்கிறது. கம்பளி வட்டில் காம்பவுண்ட், பிறகு பஞ்சு வட்டில் பாலிஷ். இவற்றில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடுப் பொடி; வைரத்துக்கு ஓரிரு படி கீழே நிற்கும் கடினம். தேய்க்கத் தேய்க்க அதுவே உடைந்து நுண்ணியதாகும் ரகங்களும் உண்டு. ஒரு மைக்ரான் அளவுள்ள துணுக்கு எப்படி அதில் பதினைந்தில் ஒரு பங்கு ஆழத்துக்குமேல் கீறாமல் இருக்கிறது? அதை அழுத்தும் வட்டு மெத்தென்று இருப்பதால். துணுக்கு சுவருக்குள் இறங்குவதைவிட வட்டுக்குள் அமிழ்வது எளிது; முனை மட்டும் தளத்தை வருடிச் செல்கிறது. பஃபிங்கில் வட்டைத் தேர்ந்தெடுப்பது பொடியைத் தேர்ந்தெடுப்பதற்கு இணையான முடிவு.

மெருகு என்பது மேலும் மேலும் நுண்ணிய கீறல்தானா, அல்லது தளமே உருகி வழிந்து சமமாகிறதா என்பது பெரிய மனிதர்கள் மோதிய விவாதம். 1704இல் வெளிவந்த ‘ஆப்டிக்ஸ்’ நூலில் நியூட்டன், பொடியால் கண்ணாடியைத் தேய்ப்பது கீறல்களைக் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாக்குவதே என்ற பக்கம் நின்றார். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஜார்ஜ் பீல்பி என்ற வேதியியலாளர், மெருகேற்றும்போது மேல்தோல் திரவமாக நகர்கிறது என்றார். 1937இல் பௌடன், ஹியூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் அழகான பரிசோதனை செய்தார்கள். மென்மையான பொருளான கற்பூரத்தைக் கொண்டு உலோகத்துக்கு மெருகேற்ற முயன்றார்கள். கற்பூரம் உருகும் வெப்பநிலை சுமார் 178 பாகை செல்சியஸ். 69 பாகையில் உருகும் வுட் உலோகம் என்ற கலவையைக் கற்பூரம் பளபளப்பாக்கியது. கற்பூரத்தைவிட உயர்ந்த வெப்பத்தில் உருகும் தகரத்தையும் ஈயத்தையும் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடினத்தைவிட உருகுநிலையே முக்கியம் என்றது அந்த முடிவு. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபின் உலோகங்களின் விஷயத்தில் தராசு மறுபடி நுண்கீறல் பக்கம் சாய்ந்தது. ஜெல்கோட் உருகாது; சங்கிலிகள் குறுக்கே பின்னிக்கொண்ட பொருள் அது. சூடானால் இளகும், மேலும் சூடானால் கருகும். ஆகவே நம் வேலையில் வெப்பம் உதவிக்கு வருவதில்லை, ஆபத்தாகத்தான் வருகிறது. வேகமாகச் சுழலும் மெஷினை ஓரிடத்தில் பிடித்துவிட்டால் மஞ்சள் தழும்பு விழும். வண்டியின் மூலைகளிலும் விளிம்புகளிலும் அழுத்தம் குவியும், ஜெல்கோட்டும் அங்கே மெல்லியது. தேர்ந்த கைகள் அங்கே மெஷினைத் தூக்கிவிட்டுத் துணியால் தேய்ப்பது அதனால்தான். நேர் வெயிலில் சுவர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருப்பதால் நிழலில், அல்லது காலையில் வேலை. தூள் மூச்சில் போகாமல் முகமூடி கட்டாயம்.

முப்பது அடி வண்டிக்கு ஜன்னல், கதவு கழித்து ஐம்பது சதுர மீட்டர் சுவர் தேறும். இரண்டடிச் சதுரமாகப் பிரித்துக்கொண்டு செய்யவேண்டும், இல்லாவிட்டால் காம்பவுண்ட் காய்ந்துவிடும். அப்படி ஏறத்தாழ 135 சதுரங்கள். காம்பவுண்ட், பாலிஷ், மெழுகு என்று மூன்று சுற்று என்றால் நானூறு முறை. பாதி வேலை ஏணியில். வட்டில் ஏறும் நிறம் ஒவ்வொரு முறையும் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும்: வருவது அழுக்கு மட்டும் இல்லை, ஜெல்கோட்டும்தான். லேசான பாலிஷ் சில மைக்ரானை எடுக்கும். தாள் போட்டுத் தேய்த்தால் சில பத்து. அரை மில்லிமீட்டர் என்பது பெரிய சேமிப்புதான், ஆனால் வரவு இல்லாத சேமிப்பு.

அதைக் காப்பது எது? பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகு பெயர்பெற்றது. 80 பாகைக்கு மேல்தான் உருகும், வெயிலில் வழியாது. செயற்கைப் பாலிமர் பூச்சுகள் இன்னும் சில மாதம் கூடுதலாக நிற்கும். தண்ணீரையும் அழுக்கையும் அண்டவிடாமல் வைக்க இரண்டும் நல்லவை. ஆனால் அவ்வளவு மெல்லிய படலம் புற ஊதாவை எவ்வளவு தடுத்துவிடும்? உண்மையான சாட்சி வண்டியிலேயே ஒட்டியிருக்கிறது. பக்கச் சுவரில் ஓடும் அலங்கார வினைல் பட்டைகளைப் பல வருடம் கழித்து உரித்தால், அடியில் பட்டையின் வடிவத்திலேயே பளபளப்பான, நிறம் மாறாத ஜெல்கோட் கிடைக்கும். அதே ரெசின், அதே வயது. வெயில் அங்கே படவில்லை. ஒரு வருடத்துக்கு எத்தனை முறை மெழுகு என்று கணக்குப் போடுபவர்கள், ஒரு வருடத்துக்கு எத்தனை மாதம் வண்டி கொட்டகைக்கோ நல்ல உறைக்கோ அடியில் நிற்கிறது என்ற கணக்கை முதலில் போடவேண்டும். எந்தக் குப்பியும் நிழலுக்கு ஈடாகாது.

இதே ஜெல்கோட் நமக்கும் அந்நியமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம், கடலூர் கரைகளில் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவில் பிடித்துக்கொண்ட ஃபைபர் படகுகள் அச்சில் வார்த்தவைதான். அதே பாலியஸ்டர் ரெசின், அதே இழைப் பாய். மணலில் கவிழ்ந்து கிடக்கும் பழைய படகு ஒன்றின் வயிற்றைத் தடவினால் அரிசோனாவில் ஒட்டும் தூள் இங்கேயும் கையில் ஒட்டும். மோட்டார்ஹோம்காரருக்கு அது அழகின் விஷயம். படகுக்காரருக்கு ஜெல்கோட் நீர் புகாமல் காக்கும் தோல். அது தேய்ந்து இழை வெளியே தெரிந்தால் இழை வழியாக ஈரம் உள்ளே ஏறும். அங்கே மெருகேற்றும் வேலையைவிட, தேய்த்துவிட்டுப் புது ஜெல்கோட்டோ பெயின்டோ அடிப்பதுதான் நியாயமான வேலை.

மோட்டார்ஹோமும் ஒருநாள் அந்த நிலைக்கு வரும். பாலிஷ் போடும்போது சுவரில் இழைகளின் பின்னல் நிழலாகத் தெரியத் தொடங்கினால் ஜெல்கோட் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதற்குமேல் மெஷினைத் தொடக்கூடாது. பள்ளங்களுக்குப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயின்டும் அதன்மேல் தெளிபூச்சும் போடவேண்டும். அதன் கடினமாக்கியில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் வெளிக்காற்று வரும் முகக்கவசமும் தனி அறையும் உள்ள பெயின்ட் கடைக்கே விட்டுவிட வேண்டிய வேலை இது. அச்சிடம் கடன் வாங்கிய சமம் முதலில், கையால் தேய்த்துக் கொண்டுவந்த சமம் பிறகு; இங்கே மூன்றாவது வகை. பீய்ச்சிய பெயின்ட் இறுகுவதற்கு முந்தைய சில நிமிடங்களில் பரப்பு இழுவிசையால் தானே பரவிச் சமமாகிவிடுகிறது. முன்பு குவளைத் தண்ணீருக்கு ஐந்து நிமிடம் மட்டும் வாய்த்த சமம், இங்கே அப்படியே உறைந்து பல வருடம் நிற்கிறது. வருடா வருடம் காம்பவுண்ட் போட்டுப் பழகிய உரிமையாளர் அதன்பின் அந்தப் பழக்கத்தை விட்டுவிடவேண்டும்: தெளிபூச்சின் ஐம்பது மைக்ரானில் கம்பளி வட்டுக்கு இடமில்லை. மென்மையான சோப்பும் தண்ணீரும், எப்போதாவது லேசான பாலிஷும் மட்டுமே அதற்கு.